கறுப்பு வெள்ளை மான்ஸ்டர் படங்கள்: எதை முதலில் பார்ப்பது, எதை மேலே வைப்பது?

நீங்கள் கேட்டது பழைய கறுப்பு வெள்ளை மான்ஸ்டர் படங்களில் சிறந்த பத்தின் தரவரிசை. ஆனால் கேள்வியின் நடுவில் இன்னொரு வரி இருந்தது. ஏதோ ஒரு பட்டியலை நம்பி ‘நொஸ்ஃபராட்டு’, ‘டிராகுலா’, ‘கிங் காங்’ மூன்றையும் பார்த்தீர்கள். முதல் படத்தில் சிரிப்பு வந்தது, இரண்டாவதில் தூக்கம் வந்தது, மூன்றாவது மட்டும் பரவாயில்லை. கோளாறு படத்திலா, உங்களிடமா? நீங்கள் உண்மையில் கேட்டது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கோளாறு பெரும்பாலும் நீங்கள் பார்த்த பிரதியிலும் பார்த்த வரிசையிலும் இருக்கிறது. ‘டிராகுலா’வில் மட்டும் கொஞ்சம் படத்திலேயே இருக்கிறது.

நான் ஒளிப்பதிவு படித்தவன். ஃபிலிம் கழுவிப் பிரதி எடுத்த காலத்தின் கடைசிச் சில வருடங்களில் ஒரு லேபில் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் படம் தேர்ந்தெடுத்துத் திரையிட்டு வருகிறேன். ஜெர்மன், ஹாலிவுட், ஜப்பான் படங்களைப் பற்றி ஓரளவு தைரியமாகப் பேசுவேன். மெக்சிகோவிலும் இத்தாலியிலும் இந்த வகையில் நிறைய எடுத்திருக்கிறார்கள். அவற்றை வரிசைப்படுத்தும் அளவுக்கு நான் பார்த்ததில்லை. ஆகவே கீழே வருவதை உலகத் தரவரிசை என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, ‘மான்ஸ்டர்’ என்பதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லை. பேய் செத்தவர், ராட்சசன் வரம் வாங்கியவன், பூதம் புதையல் காப்பது, வேதாளம் முருங்கை மரத்தில் தொங்குவது என்று நாம் வகை பிரித்து வைத்திருக்கிறோம். (ரிச்சர்ட் பர்ட்டன் 1870-இல் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை ‘வேம்பயர்’ (ரத்தக்காட்டேரி) ஆக்கிவிட்டார். நம்முடையது ரத்தம் கேட்காது, கதை சொல்லி விடைதான் கேட்கும்.) இந்தப் படங்களில் வருபவை பெரும்பாலும் வேறு இனம். யாரோ உருவாக்கியது, யாரையோ கடித்ததால் வந்தது, நிம்மதியாகக் கிடந்ததைப் போய்க் கிளறியது. பார்க்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் நல்லது.

சரி, முதலில் உங்களுக்குச் சிரிப்பு வந்த கதை. ஜெர்மன் மௌனப் படமான ‘நொஸ்ஃபராட்டு’ (1922) திரையிட்ட முதல் தடவை எங்கள் கூட்டமும் சிரித்தது. தவறு என்னுடையது. கிடைத்த ஏதோ ஒரு வீடியோ பிரதியைப் போட்டேன். அதில் எல்லாரும் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறுவென்று நடந்தார்கள். அதைவிட மோசம், சூரிய ஒளி பட்டால் சாக வேண்டிய ரத்தக்காட்டேரி, தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடந்துபோனது. முன்வரிசையில் ஒரு பெரியவர், “ஏன் தம்பி, இது வெயில்லதானே போவுது?” என்று கேட்டே விட்டார்.

அவர் கண்ணில் பட்டது வெயில்தான். அன்றைய ஃபிலிமில் வெளிப்புற இரவுக் காட்சியை இரவில் எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதனால் பகலில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்து இரவாக்கினார்கள். விளக்கு வெளிச்சம் மஞ்சள், விடியல் இளஞ்சிவப்பு. சாயம் இல்லாத பிரதியில் கதையின் பாதி அர்த்தம் போய்விடும். வேகமும் அப்படித்தான்: மௌனப் படங்களைக் கையால் சுழற்றி, வினாடிக்கு 24 சட்டங்களுக்கு (ஃபிரேம்) குறைவாக எடுத்தார்கள், 24-இல் ஓட்டினால் எல்லாரும் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். (குதிரை வண்டி பறக்கும் ஒரு காட்சி மட்டும் இயக்குநர் முர்னாவ் வேண்டுமென்றே அப்படி எடுத்தது.) சாயத்தோடு மீட்டெடுத்த பிரதியைச் சரியான வேகத்தில் சில வருடம் கழித்து அதே கூடத்தில் போட்டேன். படிக்கட்டுச் சுவரில் ரத்தக்காட்டேரியின் நிழல் ஏறும்போது ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. இத்தனைக்கும் இந்தப் படம் இன்று இருப்பதே அதிசயம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை அனுமதி வாங்காமல் எடுத்ததால் அவர் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க நீதிமன்ற உத்தரவே வாங்கினார். அதில் தப்பிய பிரதிகளிலிருந்துதான் இன்று நாம் பார்க்கிறோம். சூரிய ஒளியில் ரத்தக்காட்டேரி சாகும் என்பதும் இந்தப் படம் கொண்டுவந்ததுதான். நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான்.

இந்த அனுபவத்திலிருந்துதான் எனக்கு ஒரு உரைகல் கிடைத்தது. ஒரு படத்தைக் கலரில் எடுத்ததாக மனதில் ஓட்டிப் பார்ப்பேன். எதுவும் குறையவில்லை என்றால் அது கீழே. படமே இல்லாமல் போகும் என்றால் அது மேலே. கறுப்பு வெள்ளையை வசதி இல்லாத குறையாக நினைப்பவர்கள், அதைக் கருவியாகவே பயன்படுத்திய ஆட்களைக் கவனிக்க வேண்டும். 1931-இல் ரூபன் மமூலியன் எடுத்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’, மருந்து குடித்துக் கொடியவனாக மாறும் டாக்டரின் கதை. அதில், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் நாயகன் ஃபிரடெரிக் மார்ச்சின் முகம் கண்ணெதிரே கறுத்துக் கோடு விழுந்து மாறும். வேலை இவ்வளவுதான்: முகத்தில் வண்ண மையால் கோடுகளை முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள். லென்ஸுக்கு முன் அதே வண்ண ஃபில்டர் இருக்கும்வரை அந்தக் கோடு தெரியாது. எதிர் வண்ண ஃபில்டருக்கு நகர்த்தினால் கறுப்பாகக் கிளம்பும். கலர் ஃபிலிமில் இந்த வித்தை செல்லாது. மமூலியன் இதை நெடுநாள் வெளியே சொல்லவில்லை. அந்த நடிப்புக்கு மார்ச்சுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பிறகு எம்ஜிஎம் ஸ்டுடியோ 1941-இல் தன் பதிப்பை எடுக்கும்போது பழையதன் உரிமையை வாங்கி முடக்கிவிட்டதால், ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு இது கண்ணிலேயே படவில்லை. பழைய பட்டியல்களில் இதன் பெயர் குறைவாக அடிபடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

‘தி இன்விசிபிள் மேன்’ (1933) இதே ஜாதி. தலையில்லாத சட்டை தானாக நடக்க வேண்டும் என்றால், நடிகரைக் கறுப்பு வெல்வெட்டில் முழுக்கச் சுற்றி, கறுப்பு வெல்வெட் பின்னணியில் நிறுத்தி எடுத்து, அதை அறைக் காட்சியோடு இணைப்பார்கள். தந்திரக்காட்சிக் கலைஞர் ஜான் ஃபுல்டனின் கைவேலை. நாயகன் கிளாட் ரெய்ன்ஸின் முகம் கடைசியில்தான் தெரியும். அதுவரை குரல்தான் நடிப்பு. ஒரு வேடிக்கை: அம்மணமாகப் பனியில் ஓடுகிறவனின் காலடித் தடம் பூட்ஸ் தடமாக விழும். அடுத்த தடவை கவனியுங்கள்.

நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டிய படம் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931). எழுபது நிமிடத்தை ஒட்டிய படம், ஒரு இடத்திலும் நிற்காது. பிணங்களிலிருந்து ஒரு விஞ்ஞானி உருவாக்கும் பூதமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்துக்கு ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் பூசியது பச்சை கலந்த மை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அது பிணத்தின் வெளுப்பாக விழும். பின்னாளில் பொம்மைகளிலும் முகமூடிகளிலும் அந்த உருவம் பச்சையாகத் திரிந்தாலும், இந்தப் படத்தின் கறுப்பு வெள்ளையில் அந்தப் பச்சை தெரியாது. கார்லாஃப் தன் பல் செட்டைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் குழியாக்கிக்கொண்டார். கண்ணிமை கனத்துத் தொங்க மெழுகு. இத்தனை பூச்சுக்கும் அடியிலிருந்து அந்த மனிதர் நடிக்கிறார் பாருங்கள்: கூரைத் திறப்பு வழியாக முதன்முதலாக வெளிச்சம் விழும்போது, அதைப் பிடிக்கக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் தூக்குவார். தொடக்க டைட்டிலில் அந்தப் பாத்திரத்துக்கு நேராக நடிகர் பெயர் கிடையாது, ஒரு கேள்விக்குறிதான்.

அப்புறம் ஏரிக்கரைக் காட்சி. ஒரு சிறுமி அந்தப் பூதத்தைக் கண்டு பயப்படாமல் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூவைத் தண்ணீரில் எறிகிறார்கள், பூ மிதக்கிறது. பூ தீர்ந்ததும், இவளும் பூ மாதிரி மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கி எறிகிறது. தணிக்கை இதில் கை வைத்தது. கையை நீட்டும் இடத்தோடு வெட்டிவிட்டார்கள். அடுத்து ஊர்த் தெருவில் அப்பன் மகளின் சடலத்தை ஏந்திக்கொண்டு வருகிறான். வெட்டிய பிரதியைப் பார்த்தவர்கள் நடுவில் என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்? குழந்தைத்தனமான ஒரு பிழையைத் தணிக்கைக்காரர்கள் வக்கிரமாக்கிவிட்டார்கள். 1980களில்தான் அந்தத் துண்டு படத்துக்குள் திரும்ப வந்தது. நீங்கள் பார்க்கும் பிரதியில் அந்தச் சில வினாடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பிரதி தேடுங்கள்.

இதே இயக்குநர் ஜேம்ஸ் வேல் நான்கு வருடம் கழித்து எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1935) இன்னும் துணிச்சலானது. அதில் நம் பூதம் பேசக் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுப்பவர் கண் தெரியாத கிழவர். இதன் முகத்தைப் பார்க்க முடியாதவர் என்பதால் நண்பராகிவிடுகிறார். ஜோடியாக உருவாக்கப்படும் பெண் கடைசிச் சில நிமிடங்கள்தான் வருகிறாள், ஆனால் படம் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது அவள்தான். எல்சா லான்செஸ்டர் அவளாகவும், முன்னுரையில் கதாசிரியை மேரி ஷெல்லியாகவும் இரட்டை வேடம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். நான் இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பேன். இது ஏமாற்று வேலைதான், தெரியும்.

இனி நீங்கள் தூங்கிய ‘டிராகுலா’ (1931). இங்கே உங்கள் பக்கம்தான் நான். கோட்டையில் நடக்கும் தொடக்கப் பகுதி அபாரம். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் மௌனப் படங்களில் பழுத்து வந்தவர். (கோட்டையின் தரையில் எறும்புத்தின்னி மாதிரி ஓடு போர்த்திய பிராணி ஒன்று திரியும். அது அர்மடில்லோ. அமெரிக்கக் கண்டத்துப் பிராணிக்கு டிரான்சில்வேனியாவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்.) லண்டனுக்கு வந்ததும் படம் வரவேற்பறையில் உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அது மேடை நாடகத்தின் வழியாக வந்த கதை. தலைப்பில் கொஞ்சம் ‘ஸ்வான் லேக்’ பாலே இசை, நடுவில் கச்சேரிக் காட்சியில் கொஞ்சம். மற்றபடி பின்னணி இசையே கிடையாது. பேசும் படம் வந்து சில வருடமே ஆன காலம் அது. டிராகுலாவாக வரும் பெலா லுகோசியின் நடையையும் இழுத்து இழுத்துப் பேசும் ஹங்கேரி உச்சரிப்பையும் எடுத்துவிட்டால் மிச்சம் அதிகம் இல்லை. அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு குழுவை வைத்து ஸ்பானிய மொழியிலும் ஒரு ‘டிராகுலா’ எடுத்தார்கள். அதில் கேமரா நன்றாக நகரும். அதுதான் சிறந்தது என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. எனக்கு லுகோசி இல்லாத குறை பெரிதாகத் தெரிகிறது. இது வெறும் ருசி, வாதத்துக்கு வர மாட்டேன்.

‘கிங் காங்’ (1933) என் உரைகல்லை உடைக்கும் படம். கலரில் எடுத்திருந்தாலும் அது ஓடியிருக்கும். ஆனாலும் கீழே தள்ள மனம் வரவில்லை. வில்லிஸ் ஓ’பிரையனின் குழு ஒன்றரை அடி உயரக் குரங்குப் பொம்மையை ஒவ்வொரு சட்டத்துக்கும் துளித்துளியாக நகர்த்தி எடுத்தது. திரையில் ஒரு வினாடி காங் கையசைக்க 24 தடவை. காங்கின் ரோமம் காற்றே இல்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பொம்மை மேல் போர்த்திய முயல் தோலில் கலைஞர்களின் விரல் பட்ட தடம் அது. பிழைதான், ஆனால் அந்தப் பிழைதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. தீவுவாசிகளைக் காட்டும் விதம் அன்றைய இனவெறி. அதை மழுப்ப வேண்டியதில்லை, பொறுத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்றும் இல்லை. 1938 மறுவெளியீட்டில் வெட்டிய காட்சிகள் பிற்பாடு சேர்க்கப்பட்டன, முழுமையானதைத்தான் பாருங்கள். 1952-இல் மறுபடி வெளியிட்டபோது ஓடிய ஓட்டம்தான் அடுத்த பத்து வருட ராட்சத மிருகப் படங்களுக்கெல்லாம் வழி திறந்தது.

எதையும் காட்டாமல் பயமுறுத்துவது எப்படி என்பதற்கு, சிறுத்தையாக மாறும் பெண்ணின் கதையான ‘கேட் பீப்பிள்’ (1942). ஆர்கேஓ ஸ்டுடியோ தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் தலைப்பை மட்டும் கொடுத்து, சொற்பப் பணத்தில் படம் எடு என்றது. சிறுத்தை வேஷம் போட்டு ஆளை ஓடவிட்டால் சிரிப்பார்கள் என்று அவருக்கும் இயக்குநர் ஜாக் டூர்னருக்கும் தெரியும். ஆகவே மிருகத்தை முடிந்தவரை இருட்டிலேயே வைத்தார்கள். இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் செருப்புச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. சீறல். வந்தது பஸ்! பிரேக்கின் சத்தம். இன்றுவரை எல்லா மொழிப் பேய்ப்படங்களும் இந்த ஒரு பஸ்ஸில்தான் ஏறி வருகின்றன. நீச்சல்குளக் காட்சியில் நீரின் வெளிச்சம் சுவரில் அலைவது, ஒரு உறுமல், அவ்வளவே. டியூப் லைட் எரியும் ஹாலில் இந்தப் படத்தைப் பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும், படம் வீண்.

‘தி வுல்ஃப் மேன்’ (1941) நல்ல படம், பெரிய படமல்ல. லான் சேனி ஜூனியரின் பரிதாப முகம் தாங்குகிறது. அதில் வரும் ஓநாய் மனிதன் செய்யுளைப் பழைய நாட்டுப்பாடல் என்று பலர் நம்புகிறார்கள். எழுதியவர் திரைக்கதாசிரியர் கர்ட் சியோட்மாக்தான். ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954) நீருக்கடியில் மட்டும் கவிதை. மேலே நீந்தும் பெண்ணுக்கு நேர் கீழே, அவளுக்குத் தெரியாமல், அதே அசைவில் அந்த நீர்ப்பூதமும் நீந்தும் அந்த ஒரு காட்சிக்காகப் பார்க்கலாம். அந்தப் பூதத்தின் உடலை வடிவமைத்ததில் முக்கியமானவர் மிலிசென்ட் பாட்ரிக் என்ற பெண். பெயரை நெடுங்காலம் ஒப்பனைத் துறைத் தலைவரே வைத்துக்கொண்டார்.

ஆனால் ‘கோட்ஸில்லா’ (1954) பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் குழந்தைப் படம் என்று நினைத்து விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பின்னால் வந்த கலர் படங்கள் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன. ஜப்பானிய மூலம் ‘கோஜிரா’ வேறு ரகம். 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அந்தச் சாம்பல் 23 பேர் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. எட்டு மாதம் கழித்து, நவம்பர் 3-ஆம் தேதி, இந்தப் படம் திரைக்கு வந்தது. முதல் காட்சியில் கடலில் ஒரு வெளிச்சம், ஒரு படகு எரிகிறது. அன்று தியேட்டரில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘கிங் காங்’ மாதிரி பொம்மையை நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனுக்கு நேரமும் பணமும் இல்லாமல், தந்திரக்காட்சிக் கலைஞர் எய்ஜி சுபுராயா ஆளுக்கு ரப்பர் உடை மாட்டிச் சின்ன டோக்கியோவை மிதிக்கவிட்டார். வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டியதால் உடல் கனமாகத் தெரியும். அந்த உறுமல் இசையமைப்பாளர் இஃபுகுபேயின் யோசனை: கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தது. டோக்கியோ எரியும் இரவில் ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். போர் முடிந்து ஒன்பதே வருடம். மறுநாள் ஆஸ்பத்திரித் தரை முழுக்க மனிதர்கள். இதைக் கலரில் பார்க்க என்னால் முடியாது. கறுப்பு வெள்ளையில் அது செய்திப்படம் மாதிரி இருக்கிறது. 1956-இல் அமெரிக்க நடிகர் ஒருவரை ஒட்டவைத்து வெளியிட்ட பதிப்பில் இந்தக் கனமெல்லாம் குறைந்துவிட்டது. ஜப்பானிய மூலத்தை வசன வரிகளோடு பாருங்கள்.

ஆகவே என் வரிசை: முதலில் ‘நொஸ்ஃபராட்டு’, அடுத்து ஃபிராங்கன்ஸ்டைன் ஜோடி, பிறகு ‘கோஜிரா’, ‘கேட் பீப்பிள்’, ‘ஜெகில்’, ‘கிங் காங்’, ‘இன்விசிபிள் மேன்’, ‘வுல்ஃப் மேன்’, ‘பிளாக் லகூன்’, கடைசியில் ‘டிராகுலா’. எண்ணினால் பதினொன்று வரும். முதல் மூன்று இடங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை; நடுவில் இருப்பவை மனநிலையைப் பொறுத்து மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறும். பார்க்கும் வரிசை வேறு: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, ‘பிரைட்’, ‘இன்விசிபிள் மேன்’, ‘கேட் பீப்பிள்’, ‘கோஜிரா’ என்று போய், கண் பழகிய பிறகு ‘நொஸ்ஃபராட்டு’வுக்குத் திரும்பி வாருங்கள்.

பட்டியல்களில் ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) என்ற பெயரைக் கண்டால் அந்தப் பட்டியலையே சந்தேகப்படுங்கள். அதன் கடைசியாகத் தெரிந்த பிரதி 1965-இல் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போய்விட்டது. ஸ்டில் படங்களை வைத்துத்தான் இன்று பேசுகிறார்கள். ‘நொஸ்ஃபராட்டு’வில் நடித்த மாக்ஸ் ஷ்ரெக் நிஜ ரத்தக்காட்டேரி என்ற கதையும் சுற்றுகிறது, அவர் மேடை நடிகர், வேறு பல படங்களிலும் நடித்தவர். பிரதி விஷயத்தில், கலர் ஏற்றிய பதிப்புகளைத் தொடாதீர்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கிய பிரதிகளில் இருட்டெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். இருட்டில்தான் இந்தப் படங்களின் சரக்கே இருக்கிறது.

பத்து வயது மகளோடு பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ‘இன்விசிபிள் மேன்’ தாராளமாக. அதில் சாவு உண்டு, ஆனால் பாதி படம் கோமாளித்தனம். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பார்க்கலாம், ஏரிக் காட்சியில் பக்கத்தில் இருங்கள். ‘கோஜிரா’ இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும். ‘அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ (1948) என்று ஒரு நகைச்சுவைப் படம் இருக்கிறது, டிராகுலாவாக லுகோசியே வருவார், ஓநாய் மனிதனாக சேனியே வருவார். அதை முதலில் காட்டிவிடாதீர்கள். அந்த மூன்று பூதங்களையும் அவரவர் படத்தில் பார்த்து ஒருமுறை பயந்த பிறகு போட்டால், அவளுக்குச் சிரிப்பு இரண்டு பங்கு வரும்.